காலத்தை முந்திய கொன்றை

காஞ்சிபுரத்திலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச் சத்திரத்துக்கு அருகே, சாலையின் இரைச்சலுக்குச் சற்றே ஒதுங்கி அமைந்திருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது அவ்வூர் விசயராகவப் பெருமாள் கோயிலின் தலவரலாறு. இராமானுசர் தம் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இவ்வூரில்தான் என்பர். அக்கோயில் தாயாரை வறுத்த பயறையும் முளைக்கச் செய்பவர் என்று மக்கள் போற்றுவதை நாமும் கேட்டிருக்கிறோம். முளைக்கக் கூடாதது முளைப்பதைப் பற்றிப் பேசிப் பழகிய ஊர் அது. அங்கேதான் பூக்கக் கூடாத காலத்தில் பூத்த மரமொன்றை நாம் கண்டோம்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் முதல் வாரம். தை இன்னும் முடியவில்லை. அப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் படுக்கையில் கிடந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டு, உபதேசியாரின் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையை அகலப்படுத்துவதற்காக மண் வெட்டப்பட்டிருந்த ஒரு கரையருகே அவர் வண்டியை நிறுத்தினார்.

"சாமி, அங்கே பாருங்க. கொன்னை பூத்திருக்கு."

பூத்துத்தான் இருந்தது. இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, கொம்புக்குக் கொம்பு மஞ்சள் சரங்களைத் தொங்கவிட்டிருந்தது அந்தச் சரக்கொன்றை. சென்ற ஆண்டின் நெற்றுகள் கருத்து நீண்டு அச்சரங்களுக்கிடையே ஆடிக்கொண்டிருந்தன. மாலை வெயிலில் கண்ணைப் பறிக்கும் காட்சி. ஆனால் நமக்கு மகிழ்ச்சியை முந்திக்கொண்டு ஒரு குழப்பமே வந்தது. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் அல்லவா கொன்றை பூக்கும்?

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரிடம் கேட்டோம். அவர் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மரம் பொய் சொல்லாது சாமி. அதுக்கு வெயில் பட்டுது, பூத்துது. இந்த வருசம் பனியைக் காணோமே, அது எங்க போச்சுன்னு கேளுங்க" என்றார்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மாதம் துளைத்தது வெயில்தான். பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிட்ட கணக்கைக் கண்டபோது முதியவரின் சொல் நினைவுக்கு வந்தது. 1901ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் பதிவுகளில், நாடு முழுமைக்குமான சராசரி வெப்பத்தில் மிக வெம்மையான பிப்ரவரி 2025ஆம் ஆண்டினுடையதே. வழக்கமாக 20.70 பாகை செல்சியசாக இருக்க வேண்டிய சராசரி 22.04 பாகையாக இருந்தது. ஒன்றரைப் பாகைக்கும் குறைவான வேறுபாடுதானே என்று தோன்றலாம். பரந்த ஒரு நாட்டின் ஒரு மாதச் சராசரி அவ்வளவு நகர்வது சிறிய செய்தியன்று. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2023 பிப்ரவரியில், பகல் வெப்பத்தின் சராசரி அதுவரை காணாத அளவுக்கு உயர்ந்திருந்தது.

எனினும் அந்த மரத்தைக் கண்டவுடன் "காலநிலை கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டிவிட நாம் விரும்பவில்லை. மனிதரைப் போலவே மரங்களிலும் அவசரக்காரர் உண்டு; பக்கத்து மரம் மொட்டுக் கட்டுமுன் பூத்து முடிக்கும் மரங்களை எல்லா ஊரிலும் காணலாம். அதுவுமன்றி, சாலைக்காக மண் வெட்டியபோது அந்த மரத்தின் வேர்கள் அறுபட்டிருக்கக்கூடும். துன்புற்ற மரம் சில வேளைகளில் உயிர்பிழைக்கும் முயற்சியாகப் பருவமன்றிப் பூத்துக் குலுங்கும். ஒரு மரத்தையும் ஓர் ஆண்டையும் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. சில ஆண்டுகளாக அந்த வழியே நாம் போய்வருகிறோம். அந்தக் கொன்றை வழக்கமாக எப்போது பூக்கும் என்று யாரேனும் கேட்டிருந்தால், "உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி" என்று தயங்காமல் சொல்லியிருப்போம். பீடத்தை அலங்கரிக்கச் சிறுவர்கள் கொண்டுவரும் மஞ்சள் சரங்கள்தாம் அதற்குச் சான்று. ஆனால் உயிர்ப்புப் பெருவிழாவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை ஆண்டுக்காண்டு இடம் மாறும் நாள். ஓடுகிற வண்டியில் அமர்ந்துகொண்டு இன்னொரு வண்டியின் வேகத்தைச் சொல்வது போன்றது நம் சான்று.

காலம் தப்பிப் பூத்த கொன்றையைக் குறித்துத் தமிழர் குழம்புவது புதியதன்று. குறுந்தொகையில் கோவர்த்தனார் பாடிய 66ஆம் பாட்டு இதைப் பற்றியதே. கார்காலத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் பிரிந்த தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது, தலைவி கலங்குகிறாள். தோழி ஆறுதல் சொல்கிறாள். இது கார்காலம் அன்று, பருவமல்லாத காலத்தில் பெய்த மழையை உண்மை மழையென்று எண்ணி இந்த மரங்கள் அறியாமையால் பூத்துவிட்டன என்பது அவள் வாதம். அதே நூலில் ஓதலாந்தையார் பாடிய 21ஆம் பாட்டில் தலைவியே பேசுகிறாள்: கொன்றை பூத்த காடு இது கார்காலம் என்று சொன்னாலும் தான் அதனை நம்பப் போவதில்லை, தலைவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். அப்பாடல்களில் கொன்றை கார்ப்பருவத்து முல்லை நிலத்து மலர். இன்று நாம் காண்பதோ பெரிதும் கோடை மலர்ச்சி. அது வேறு ஆராய்ச்சி. நாம் கவனித்தது வேறொன்று. பூவைக் கண்டு காலத்தைக் கணிப்பவர் ஒருவர், அக்கணிப்பை நம்பிக் காத்திருப்பவர் ஒருவர் இருக்கும்போதுதான் மரத்தின் பிழை பிழையாகிறது.

தோழி மரத்தை அறிவிலி என்றாள். ஆட்டுக்காரப் பெரியவர் அது பொய் சொல்லாது என்றார். இருவருள் யார் சொல்வது சரி என்று பார்க்க, மரம் காலத்தை எவ்வாறு உணர்கிறது என்பதைச் சிறிது அறிய வேண்டும்.

குளிர்நாட்டு மரங்கள் மாரிக்காலத்தில் உறங்குகின்றன. ஆப்பிள், பீச், செர்ரி போன்றவற்றின் மொட்டுகள் விழித்தெழுமுன் குறிப்பிட்ட அளவு குளிரை அனுபவித்தாக வேண்டும். அந்த அளவு நிறைந்த பிறகு வரும் வெப்பமே மொட்டை விரிக்கிறது. கடையில் சில நாள் வெம்மை தோன்றினால் மொட்டு விரிந்துவிடாதபடி காக்கும் பூட்டு அது. மாரி மென்மையாக இருந்தால் இரண்டில் ஒன்று நிகழும். போதிய குளிர் கிடைத்து வெம்மை மட்டும் முந்தினால் மரம் முன்னதாகவே பூக்கும். குளிர் போதாவிட்டால் மரம் தூக்கம் கலையாதவர் போலத் தாமதமாகவும் ஒழுங்கின்றியும் பூக்கும். இமாசலப் பிரதேசத்தில் குல்லு பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் ஆப்பிள் விளைச்சல் நலிந்து, தோட்டங்கள் மேலும் மேலும் உயரத்துக்கு ஏறிச் சென்றதற்கு இந்தக் குளிர்க் குறைவும் ஒரு காரணம்.

நம் நாட்டு மரங்களுக்கு அப்படிப்பட்ட பூட்டு பெரிதும் இல்லை. பகலின் நீளமும் இங்கே பெரிய சைகை தருவதில்லை. காஞ்சிபுரத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரமே. சப்பானின் கியோத்தோ நகரில் அது நாலரை மணிக்கும் மேல். ஆகவே நம் மரங்கள் நிலத்தின் ஈரத்தையும் காற்றின் வெம்மையையுமே பெரிதும் நம்புகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண் காய்ந்து, வெயில் ஏறினால் கொன்றை இலையுதிர்க்கும், பின் பூக்கும். மழை முன்னதாக ஓய்ந்து தையிலேயே மாசியின் வெயில் அடித்தால் அதற்கு அதுவே மாசி. வறட்சிக்கு நடுவே ஒரு திடீர் மழையும் சில மரங்களை எழுப்பிவிடும். கோவர்த்தனாரின் தோழி சொன்னது அதைத்தான். மரம் தனக்குத் தரப்பட்ட செய்தியைச் சரியாகவே படிக்கிறது. செய்திதான் இடம் மாறி வருகிறது.

முன்னதாகப் பூத்தால் என்ன கேடு, கூடுதலாகச் சில நாள் அழகுதானே என்று நம் பங்கு இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மேல்நாட்டில் இதற்கு விடை ஒரே இரவில் கிடைத்துவிடுகிறது. 2021ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் பிரான்சு நாட்டில் வெம்மை முந்தியது. திராட்சைக் கொடிகளும் பழமரங்களும் துளிர்த்துப் பூத்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் கடும் உறைபனி இறங்கியது. உழவர்கள் இரவு முழுதும் தோட்டங்களில் பெருந்தீபங்களை வரிசை வரிசையாக ஏற்றிக் காவல் காத்தும், பல இடங்களில் விளைச்சல் கருகிப்போயிற்று.

நம் பக்கம் உறைபனி இல்லை. இங்கே கேடு மெதுவாகவும் ஓசையின்றியும் வருகிறது. கொன்றைப் பூவின் மகரந்தம் எளிதில் உதிராது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்த்து அதனை உதிர்க்க வேண்டும். அந்த வண்டு தன் நாட்களை எதனைக் கொண்டு எண்ணுகிறதோ, மரத்தோடு சேர்ந்து அதுவும் முந்திக்கொள்ளுமா? வேம்பு பூக்கும் நாட்களை நம்பித் தேன் சேர்க்கும் தேனீக்கும், வேப்பம்பழம் உதிரும் நாட்களை நம்பிக் குஞ்சு வளர்க்கும் பறவைக்கும் இதே கேள்வி உண்டு. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கும் நம் இல்லத்தரசியருக்கும்தான்.

அண்டை மாநிலத்தார் இதை முன்னரே உணர்ந்துவிட்டனர். கேரளத்தின் மாநில மலர் கொன்றை. ஏப்ரல் நடுவில் வரும் விஷுவன்று விடியலில் கண்விழித்துக் காணும் கணியில் அம்மலர் இருந்தாக வேண்டும். அண்மைக் காலத்தில் விஷுவுக்குப் பல வாரங்கள் முன்னரே மரம் பூத்து உதிர்ந்துவிடுகிறது என்பது அங்குள்ளோரின் ஓயாத குறை. குறை சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. 'சீசன்வாட்ச்' என்னும் திட்டத்தில், பள்ளிச் சிறுவர் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு மரத்தைத் தெரிந்துகொண்டு, வாரந்தோறும் அதன் இலை, பூ, காய் நிலையை எழுதிவைக்கின்றனர். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் இத்திட்டத்துக்கு நாட்டிலேயே மிகுதியான பதிவுகளைத் தருபவை கேரளப் பள்ளிகளே. வடக்கே உத்தராகண்டத்தின் மாநில மரமாகிய புராஞ்சு, பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் மலைச்சரிவுகளைச் செந்நிறமாக்கும் மரம்; சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே பூத்துவிடுகிறது. அல்மோராவை அடுத்த கோசி-கடார்மலில் உள்ள கோவிந்த வல்லப பந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பழைய உலர்தாவரத் தாள்களிலுள்ள நாட்களையும் தங்கள் நேர்க்காட்சிகளையும் ஒப்பிட்டு, நூறாண்டில் அம்மரத்தின் மலர்ச்சி ஏறத்தாழ மூன்று மாதம் முந்திவிட்டது என்று 2014இல் எழுதினர். பூவோடு கூடிய ஒரு கிளையை யாரோ ஒருவர் தாளில் ஒட்டி நாளும் இடமும் குறித்து வைத்ததால்தான் அவர்களால் அதைச் சொல்ல முடிந்தது.

இங்கே நம் சொந்தக் குறையொன்றை வாசகர்முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அந்தக் கொன்றையைக் கண்டு நாம் குழம்பியதற்கு உண்மையான காரணமும் அதுவே.

முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில், மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து விற்று வாழ்ந்த ஒரு குடும்பத்தார் இருந்தனர். மாமரம் பூக்கும்போதே பூவைப் பார்த்து விலை பேசி முன்பணம் கொடுப்பது அத்தொழிலின் வழக்கம். ஒரு மார்கழித் தொடக்கத்தில் அக்குடும்பத் தலைவர் நம்மை வந்து அழைத்தார். பொங்கலை ஒட்டிப் பூமுகம் காட்ட வேண்டிய தோப்பு அப்போதே பூத்து நிற்கிறது, வந்து மந்திரிக்க வேண்டும் என்றார். சென்றோம். மரத்துக்கு மரம் வெளிர்மஞ்சள் கொத்துகள், காற்றெல்லாம் மணம். தோப்புக்காரர் கேட்ட தொகை பெரிது, கொடுக்கலாமா என்று அவர் நம்மிடமே கேட்டார்.

குருமடத்தில் படித்த காலத்திலிருந்து நம் மனத்தில் பதிந்த ஒரு பாடம் உண்டு. எரேமியா இறைவாக்கினர் தம் அழைப்பின்போது வாதுமைக் கிளையைக் காண்கிறார். எபிரேயத்தில் வாதுமைக்கு ஷாகேத் என்றும், விழித்திருப்பவருக்கு ஷோகேத் என்றும் பெயர். பாலத்தீன நாட்டில் மற்ற மரங்கள் உறங்கும் மாரியிலேயே, ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும், இலைக்கு முன் பூவைக் காட்டுவது வாதுமை. ஆகவே அது விழித்திருக்கும் மரம். தம் வாக்கை நிறைவேற்ற ஆண்டவர் விழித்திருக்கிறார் என்பது அதன் பொருள். அந்தத் தோப்பில் நின்றுகொண்டு இதையெல்லாம் நாம் அழகாக எடுத்துரைத்தோம். "முன்னதாக வந்த பூ முன்னதாக வந்த ஆசிதான் தம்பி" என்றும் சொல்லிவைத்தோம்.

அவர் மனைவியின் நகைகளை அடகு வைத்து முன்பணம் கொடுத்தார்.

மாம்பூங்கொத்தில் ஆண் பூக்களும் இருபாற் பூக்களும் கலந்திருக்கும். காய்ப்பவை இருபாற் பூக்கள் மட்டுமே. முந்தி வரும் கொத்துகளில் அத்தகைய பூக்கள் குறைவாயிருப்பதும் உண்டு என்பதை நாம் பிற்பாடுதான் படித்தறிந்தோம். பருவமழை முழுதும் ஓயாத நாளில் பூத்த மரத்துக்கு மழையும் மூடுபனியும் பகை. மார்கழிக் கடைசியில் இரண்டு நாள் தூறியது. பின் விடியற்காலை மூட்டம். பூக்கொத்துகள் கருகின. தத்துப்பூச்சி மொய்த்துச் சாறு உறிஞ்சியது. அது கழித்த பிசுபிசுப்பில் இலையெல்லாம் கரும்பூசணம் படர்ந்தது. தை பிறந்தபோது தோப்பில் மணம் இல்லை. சில மரங்கள் மாசியில் மறுபடி சிறிது பூத்தன. அது முன்பணத்தின் வட்டிக்கும் போதவில்லை.

அவர் நம்மைக் குறை கூறவில்லை. ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் வந்து, மகளைக் கல்லூரியிலிருந்து ஓராண்டு நிறுத்திவைப்பதாகச் சொன்னார். பிறகு, "சாமி, இந்தத் தோப்பு போன பத்து வருசத்துல எந்தெந்தத் தேதியில பூத்துச்சு, எந்தப் பூ நின்னுச்சுன்னு ஒருத்தர் எழுதி வெச்சிருந்தா நான் பணம் கொடுத்திருக்க மாட்டேன். எங்க தாத்தாவுக்கு மனசுலயே கணக்கு இருந்துச்சு. அவரோட போச்சு" என்றார். அப்பெண் பின்னர் படிப்பை முடித்தாள்; நகைகள் எல்லாம் மீண்டனவா என்று கேட்கும் துணிவு நமக்கு வரவில்லை. எரேமியா கண்டது தன் பருவத்தில் பூக்கும் மரம். முந்திப் பூப்பது வாதுமைக்கு இயல்பு. அந்த மாமரங்களுக்கு அது இயல்பாக இருக்கவில்லை. வேதபாடத்தில் நாம் தவறவில்லை, தோப்பில் தவறினோம்.

எழுதிவைத்திருந்தால் என்று அவர் சொன்ன சொல்லை நாம் மறக்கவில்லை. எழுதிவைத்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். கியோத்தோ நகரத்து அரசவையினரும் பிரபுக்களும் துறவியரும் செர்ரி மலரைக் காணும் விழா நாட்களைத் தங்கள் நாட்குறிப்புகளில் குறித்தனர். யசுயுகி ஆவோனோ என்னும் அறிஞர் அவற்றைத் தேடித் தொகுத்தார், அத்தொகுப்பு கி.பி. 812 வரை பின்னோக்கிச் செல்கிறது. 2021ஆம் ஆண்டு அங்கே மலர்ச்சி உச்சமடைந்தது மார்ச் 26 அன்று. அதற்கு முன் மிக முந்தியதாக இருந்தது 1409ஆம் ஆண்டின் மார்ச் 27. ஆறு நூற்றாண்டு நிலைத்த வரம்பு உடைந்தது என்று அந்நாட்டவர் உறுதியாகச் சொல்ல முடிகிறது. இங்கிலாந்தில் நார்ஃபோக்கு பகுதியில் இராபர்ட் மார்சம் என்ற நிலக்கிழார் 1736 முதல் முதற்பூ, முதல் இலை, முதல் தவளைக் குரல், முதல் தகைவிலான் குருவி என்று குறித்து வந்தார். அவருக்குப் பின் அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக 1958 வரை தொடர்ந்தனர். ஒரு குடும்பம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே நோட்டைத் தொடர்ந்து எழுதியது போலாகும் இது.

நம் உள்ளத்தை மிகவும் தொட்டது பிரான்சு நாட்டுப் பூன் நகரத்துச் செய்தி. அங்குள்ள அன்னை மரியாளின் ஆலயத்துக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அறுவடைக்கு வந்த கூலியாட்களுக்கு எந்நாளில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று ஆலயக் கணக்கர் எழுதி வந்தனர். கூலிக் கணக்கு, அவ்வளவே. அக்கணக்குகளையும் நகரத்துப் பதிவுகளையும் கோத்து, 1354 முதல் 2018 வரை அறுவடை தொடங்கிய நாட்களைத் தொமா இலாபே என்னும் வரலாற்றாசிரியரும் தோழரும் 2019இல் வெளியிட்டனர். 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28 அன்று தொடங்கிய அறுவடை, 1988 முதல் அதற்குப் பதின்மூன்று நாட்கள் முந்திவிட்டது. காலநிலை என்னும் சொல்லையே கேட்டிராத ஆலயக் கணக்கர்கள் எழுதியதைக் கொண்டு இன்று காலநிலையை அளக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கும் எழுதிவைக்கத் தெரியும். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், குடவோலை முறையின் விதிகள் வெட்டப்பட்டன. ஏரி வாரியம் உண்டு. தோட்ட வாரியமும் உண்டு. தோட்ட வாரியத்துக்கு யார் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர் என்பதெல்லாம் கல்லில் நிற்கிறது. அந்தத் தோட்டத்தில் எந்த மரம் எந்நாளில் பூத்தது என்று மட்டும் இல்லை. நம் பங்கு இல்லத்து அலமாரியிலும் அதே கதைதான். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகிய பதிவேடுகள் நாள் தவறாமல் இருக்கின்றன. ஆலய வளாகத்து வேம்பை நட்டவர் யார் என்பதுகூட எதிலும் இல்லை.

ஆகவே 2025ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினோம். மறைக்கல்வி வகுப்புச் சிறுவர் சிறுமியர் பன்னிரு மரங்களைத் தெரிந்துகொண்டனர்: ஆலய வளாகத்து வேம்பு, பள்ளி வேலியோரப் புங்கம், ஏரிக்கரை நாவல், சில வீட்டு முற்றத்து மா, முருங்கை, திருப்புட்குழிச் சாலையோரக் கொன்றை முதலியன. முதல் பூ விரிந்த நாள், மரத்தில் பாதி பூத்த நாள், பூ முடிந்த நாள், காய் நின்றதா இல்லையா என்ற நான்கும், அந்த வாரம் மழை பெய்ததா என்பதும் போதும் என்று வரையறுத்தோம். கொன்றையைப் பார்க்கும் பொறுப்பை உபதேசியார் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் குறிப்பின்படி அவ்வாண்டு மார்ச் இரண்டாம் வாரத்துக்குள் அந்த மரத்தில் பூ முடிந்துவிட்டது. ஏப்ரல் 20 அன்று உயிர்ப்புப் பெருவிழாவுக்குச் சிறுவர்கள் கொன்றை தேடி வேறு பக்கம் போனார்கள். ஏரிக்கரைக்கு அப்பால் ஒரு மரம் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்ததைக் கண்டு கொண்டுவந்தார்கள். அதுவும் நோட்டில் ஏறியது. சாலையோர மரத்தின் அவசரத்துக்குக் காரணம் வெம்மையா, அறுந்த வேரா என்பதைப் பல ஆண்டுகள், பல மரங்கள் சேர்ந்தே சொல்லும்.

இதற்கு நோட்டு வேண்டும் என்பதுகூட இல்லை. நம் வீடுகளில் பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த நாளும் எழுதும் மாதக் காலண்டர் அடுக்களையில் தொங்குகிறது. அதே கட்டத்தில் "முருங்கை முதல் பூ" என்று இரண்டு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆண்டு முடிந்ததும் காலண்டரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பரணில் வைக்க வேண்டும், அவ்வளவே. எழுதும்போது "இந்த வருசம் சீக்கிரம்" என்று எழுதாமல் நாளை மட்டும் எழுதுவது நல்லது. சீக்கிரமா அன்றா என்பதைப் பின்னால் படிப்பவர் பார்த்துக்கொள்வார். பூக்காத ஆண்டில் பூக்கவில்லை என்று எழுதவும் மறக்கலாகாது. அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

மாந்தோப்புக் குடும்பத்தார் இருக்கும் பழைய பங்குக்கும் ஒரு நோட்டு அனுப்பினோம். முன்னுரை எதுவும் எழுதவில்லை. முதல் பக்கத்தில் கோடு மட்டும் போட்டு, நாள், மரம், பார்த்தவர் பெயர் என்று தலைப்பிட்டிருந்தோம். சில வாரங்களுக்குப் பின் அவர் தொலைபேசியில் அழைத்தார். தாத்தா சொன்னதாகத் தமக்கு நினைவிருக்கும் நாட்களையும் அதில் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம், நினைவிலிருந்து எழுதியது என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள் என்றோம்.